தலைநகரில் குடிக்கூலி

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் நம் முன்னோர். கட்டிய வீட்டை வாடகைக்கு விட்டுப் பார் என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சேர்க்கவில்லை. அதற்கு அக்காலத்தில் தேவை எழவில்லை போலும். பெரும்பாலோர் சொந்த ஊரில் சொந்த வீட்டில் வாழ்ந்தனர். வீட்டின் ஒரு பகுதியைப் பிறருக்கு விட நேர்ந்தால், குடிக்கூலி எவ்வளவு, எப்போது காலி செய்வது என்பவற்றை இருவர் திண்ணையில் அமர்ந்து பேசி முடித்துக்கொண்டனர். இவ்விருவருக்கும் இடையே அரசாங்கம் மூன்றாமவராக வந்து அமர்ந்தது இருபதாம் நூற்றாண்டிலேதான். அவ்வாறு வந்தமர்ந்த கதை எந்த நகரத்தையும்விடத் தலைநகராகிய டில்லியில் சுவை மிகுந்தது; துன்பமும் மிகுந்தது.

வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவுக்கென 1882-ஆம் ஆண்டில் சொத்து மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் பார்வையில் வாடகை என்பது இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம், அவ்வளவே. மாதக் குடித்தனமாயின் 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் குடியிருப்பவர் வெளியேற வேண்டியதுதான். வாடகையை எவ்வளவு உயர்த்தலாம் என்பது பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. வீடுகள் போதிய அளவில் இருந்தவரை இந்த ஏற்பாடு பெருந்தீங்கு எதுவும் விளைவிக்கவில்லை.

முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. 1915-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஆடவர் போர்முனைக்குச் சென்றிருந்த வேளையில் வாடகையை உயர்த்திய வீட்டுக்காரர்களை எதிர்த்துப் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்தனர். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரிட்டிஷ் பார்லிமெண்டு வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் எதிரொலியாக 1918-இல் பம்பாயிலும், 1920-இல் கல்கத்தாவிலும் இரங்கூனிலும் வாடகைச் சட்டங்கள் பிறந்தன. பம்பாய்ச் சட்டத்தின் பெயரிலேயே ‘போர்க் காலக் கட்டுப்பாடு’ என்னும் சொற்கள் இருந்தன. காய்ச்சலுக்குக் கொடுக்கும் கஷாயம் போல, நோய் தீர்ந்ததும் நிறுத்திவிட வேண்டிய மருந்து என்றே சட்டம் செய்தவர்களும் கருதினர்.

டில்லிக்கு இம்மருந்து இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். புதுடில்லியின் தொடக்க விழா 1931-இல் நடைபெற்றது. சர்க்கார் கட்டிய குடியிருப்புகள் சர்க்கார் ஊழியர் அனைவருக்கும் என்றுமே போதியதில்லை. 1939-இல் போர் மூண்டதும் புதிய அலுவலகங்கள் காளான்களைப் போல் முளைத்தன. குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் வந்து குவிந்தனர். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் அவ்வாண்டிலேயே புதுடில்லிக்கென வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்று பிறப்பிக்கப்பட்டது. பழைய நகரத்தின் பகுதிகளுக்கு, பஞ்சாபுக்காக 1941-இல் செய்யப்பட்ட சட்டம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. 1944-இல் ஓர் அவசரச் சட்டமும் வந்தது. இவை யாவற்றையும் ஒன்றாக்கி 1947-இல் டில்லிக்கும் அஜ்மீர்-மேர்வாராவுக்கும் பொதுவாக ஒரு சட்டம் செய்யப்பட்டது.

போர் முடிந்துவிட்டது, இனிக் கட்டுப்பாடு தளரும் என்று வீட்டுக்காரர்கள் எதிர்பார்த்திருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் 1947 ஆகஸ்டில் நாடு பிளவுபட்டது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் டில்லியில் தங்கினர். 1941-இல் 9 லட்சத்து 18 ஆயிரமாக இருந்த டில்லி மாநிலத்தின் மக்கள் தொகை 1951-இல் 17 லட்சத்து 44 ஆயிரமாயிற்று. பத்தே ஆண்டுகளில் ஓர் ஊர் ஏறக்குறைய இரட்டித்ததென்றால், வாடகை எவ்வளவு உயர்ந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். லாகூரில் மாளிகையை விட்டுவிட்டு வந்து கூடாரத்தில் குடியிருந்தவரிடம், சந்தை விலை கொடுத்தால்தான் அறை கிடைக்கும் என்று சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் மனம் வராது. ஆகவே கட்டுப்பாடு நீடித்தது. 1952-இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 1958-இல் இன்னொரு சட்டமும் வந்தன. 1959 பிப்ரவரி 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்த 1958-ஆம் ஆண்டின் டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே நம் கதையின் நாயகன் எனலாம்; அல்லது, கேட்பவர் வீட்டுக்காரராயின், வில்லன்.

அச்சட்டம் வாடகையைக் கணக்கிட்ட முறை கவனிக்கத்தக்கது. சென்னை மாகாணத்தில் 1960-இல் செய்யப்பட்ட சட்டம் ‘நியாய வாடகை’ என்றது. டில்லிச் சட்டம் அவ்வாறு கூறவில்லை; ‘நியம வாடகை’ என்று மட்டுமே கூறியது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கிவிட மனம் வருவதில்லை. சட்டம் உரிமை கொண்டாடாத நியாயத்தை மொழிபெயர்ப்பாளன் ஏன் அதற்கு வலிய வழங்கவேண்டும்? கட்டிடம் எழுப்ப ஆன நியாயமான செலவையும், கட்டத் தொடங்கிய நாளில் அந்நிலத்துக்கு இருந்த சந்தை விலையையும் கூட்டி, அத்தொகையில் ஆண்டுக்கு ஏழரை சதவீதம் என்பதே சிறு குடியிருப்புகளுக்கான அடிப்படைக் கணக்கு.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 1950-இல் 4,000 ரூபாய் பெறுமான மனையில் 12,000 ரூபாய் செலவிட்டு ஒருவர் சிறு வீடு கட்டினார் என்க. மொத்தம் 16,000 ரூபாய். அதில் ஏழரை சதவீதம் ஆண்டுக்கு 1,200 ரூபாய். மாதத்துக்கு 100 ரூபாய். 1950-இல் இது குறையற்ற வருமானமே. ஆனால் ‘கட்டத் தொடங்கிய நாளில்’ என்னும் சொற்களிலேதான் சூட்சுமம் இருக்கிறது. மனையின் விலை பத்து மடங்கானாலும் நூறு மடங்கானாலும் கணக்குப் புத்தகத்தில் அது 4,000 ரூபாயாகவே நிற்கும். அரிசி விலை ஏறும், கொத்தனார் கூலி ஏறும், சுண்ணாம்பும் சிமெண்டும் ஏறும். அந்த 100 ரூபாய் மட்டும் அசையாது. புதிய வீடுகளுக்கு ஒரு சலுகை இருந்தது உண்மையே. 1955 ஜூன் 9-க்குப் பின்னர் கட்டப்பட்டவற்றுக்கு, முதன்முதலில் வாடகைக்கு விட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குப் பேசிய வாடகையே நியம வாடகையாகக் கொள்ளப்பட்டது. ஐந்தாண்டு கழிந்த பிறகு என்ன செய்வது என்று அஞ்சியவர்கள், கட்டிய வீட்டைப் பூட்டி வைப்பதே மேலென்று எண்ணினர்.

பழுது பார்க்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவர் பார்க்கத் தவறினால், அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பவரே பழுது பார்த்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஓராண்டில் கழிக்கத்தக்கது அவ்வாண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாத வாடகை. நம் கற்பனை வீட்டில் அது 100 ரூபாய். நூறு ரூபாயில் ஒழுகும் கூரையை அடைக்கக்கூடிய காலம் விரைவிலேயே மலையேறிவிட்டது. பழைய டில்லியின் சந்துகளில் சாய்ந்து நிற்கும் பல ஹவேலிகளைக் காண்பவர்கள், உரிமையாளரின் கஞ்சத்தனத்தையோ குடியிருப்பவரின் அலட்சியத்தையோ மட்டும் பழிப்பது முறையாகாது. அந்தச் சுவர்களைச் சரித்ததில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு.

இனி, குடியிருப்பவரை வெளியேற்றும் பிரச்னைக்கு வருவோம். சட்டத்தின் 14-ஆம் பிரிவு சில காரணங்களை மட்டுமே ஒப்புக்கொண்டது. வாடகை பாக்கி, எழுத்து மூலமான இசைவின்றி உள்வாடகைக்கு விடுதல், ஆறு மாதம் குடியிராமை, கட்டிடம் ஆபத்தான நிலையில் இருத்தல், வீட்டுக்காரருக்கே குடியிருப்புக்கு நேர்மையான தேவை ஏற்படுதல் என்பன அவற்றுள் முக்கியமானவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டும் இருந்தது. முதல் தடவை வாடகை பாக்கி வைத்தவர், கண்ட்ரோலரின் ஆணைப்படி பணத்தைக் கட்டிவிட்டால் வெளியேற வேண்டியதில்லை. குடித்தனம் இருக்கும் வீட்டை விலைக்கு வாங்கியவர், சொந்தத் தேவை என்று சொல்லி ஐந்தாண்டு வரை மனுச் செய்ய இயலாது. தேவையை நிரூபித்து வீட்டைப் பெற்றவர், அனுமதியின்றி மூன்றாண்டுகளுக்குள் அதைப் பிறருக்கு விடலாகாது. குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலோ 1956-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டப்படி தனியாக ஓர் அதிகாரியின் அனுமதியும் தேவைப்பட்டது. வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டு முதுமையைக் கழிக்கலாம் என்று சேமிப்பை முடக்கியவர்கள் இவற்றையெல்லாம் பத்திரப் பதிவுக்குப் பின்னரே அறிந்தனர்.

ஆயினும் இந்தப் பூட்டுகள் ஒவ்வொன்றும் காரணமின்றி அமைந்தவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கரோல் பாக்கில் ஒற்றை அறையிலோ, மொட்டை மாடியில் ‘பர்சாத்தி’ எனப்படும் கூரையடியிலோ குடித்தனம் நடத்திய நம் தமிழ்க் குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர். பெட்டியுடன் நடுத்தெருவில் நிற்க நேராதபடி அவர்களைக் காத்தது இதே சட்டம்தான். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் கண்ட்ரோலரிடம் கட்டலாம் என்ற விதியும், தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது என்ற விதியும் இல்லாதிருந்தால், அன்றைய டில்லியில் எளிய குடும்பங்கள் பட்டிருக்கக்கூடிய பாட்டை எண்ணிப் பார்ப்பது கடினமன்று.

சட்டத்தின் பிடியிலிருந்து தப்ப விரும்பியவர்கள் பல உபாயங்களைக் கையாண்டனர். ‘இது வாடகையன்று, உபயோகிக்க அனுமதி மாத்திரமே’ என்று பத்திரம் எழுதுவது அவற்றுள் ஒன்று. இதைப் பற்றிய புகழ்பெற்ற வழக்கு, புதுடில்லியின் இம்பீரியல் ஹோட்டலில் எழுந்தது. அங்கே இரு அறைகளில் சிகை அலங்காரத் தொழில் நடத்த 1949-இல் ஒருவருக்கு அனுமதி அளிக்கப்பட்டது. ஆண்டுக்கு 9,600 ரூபாய். பின்னர் 8,400 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அவர் 1950-இல் வாடகையைச் சட்டப்படி நிர்ணயிக்குமாறு கண்ட்ரோலரிடம் மனுச் செய்தார். வழக்கு படிப்படியாக ஏறி உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1959-இல் தீர்ப்பு வந்தது. பத்திரத்தின் பெயரைப் பாராமல் அதன் உள்ளீட்டைப் பார்க்க வேண்டும். தனி அனுபோகம் கைமாறியிருந்தால் அது பெரும்பாலும் குத்தகையே என்னும் கோட்பாட்டை நாடெங்கும் வழக்கறிஞர்கள் இன்றளவும் எடுத்தாள்கின்றனர். ஆனால் அந்த மனுதாரருக்குக் கிட்டியது என்ன? ஹோட்டல் அறைகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டதால், குத்தகை என்ற பெயர் கிடைத்தும் வாடகைக் குறைப்புக் கிடைக்கவில்லை.

மற்றோர் உபாயம் ‘பகடி’. இந்தியில் தலைப்பாகை என்று பொருள்படும் இச்சொல், குடிபுகும்போது வாடகைக்குப் புறம்பாகக் கொடுக்கப்படும் பெருந்தொகையைக் குறிக்கலாயிற்று. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்தது. தடை செய்ததால் ரசீது இல்லாமற் போயிற்றே தவிர, பகடி இல்லாமற் போகவில்லை. பம்பாயில் இவ்வழக்கம் இன்னும் ஆழமாக வேரூன்றி, இறுதியில் மகாராஷ்டிர அரசு தன் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதைச் சட்டபூர்வமாகவே ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு முன்னர் பம்பாயில் 1940 செப்டம்பர் 1-ஆம் நாள் வாடகையே அளவுகோலாக அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. இந்நிலை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் கூறிய பிறகே புதிய சட்டம் பிறந்தது.

மூன்றாவது உபாயம் பதினோரு மாதப் பத்திரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஆகவே பன்னிரண்டில் ஒன்றைக் குறைத்து எழுதும் வழக்கம் இமயம் முதல் குமரி வரை பரவியது. பதினோரு மாதம் முடிந்தவுடன் குடியிருப்பவர் தாமாக வெளியேறிவிடுவார் என்று பலர் இன்றும் நம்புகின்றனர். அத்தகைய மந்திர சக்தி அந்த எண்ணுக்கு இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தும் கட்டிடமாயின், தவணை முடிந்த பின்னரும் சட்டம் குறிப்பிட்ட காரணம் இருந்தாலன்றி வெளியேற்ற இயலாது.

வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் மட்டுமே இவ்விவகாரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் என்று கருதுவதும் தவறு. வீட்டு வரியைக் கணக்கிட, ஒரு கட்டிடம் ஆண்டுக்கு என்ன வாடகை பெறும் என்பதை நகராட்சி மதிப்பிட வேண்டும். நியம வாடகை நிர்ணயிக்கப்படாத கட்டிடமாயினும் சரி, அந்த வாடகைக்கு மேற்பட்டு மதிப்பிடலாகாது என்று 1979 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதுடில்லி நகராட்சியின் வழக்கில் எழுந்த இத்தீர்ப்பால், வாடகை உறைந்த இடத்தில் வரியும் உறைந்தது. தெரு விளக்குக்கும் சாக்கடைக்கும் வேண்டிய பணம் அந்த அளவுக்குக் குறைந்தது. டில்லி மாநகராட்சி 2004-இல் பரப்பளவை அடிப்படையாகக் கொண்ட வரி முறைக்கு மாறியபோதுதான் இச்சிக்கல் அவிழ்ந்தது.

1975-இல் நிகழ்ந்த ஒரு திருப்பத்தைச் சர்க்கார் ஊழியர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். டில்லியில் சொந்த வீடு உள்ள ஊழியர் பலர் அதை நல்ல வாடகைக்கு விட்டுவிட்டுத் தாம் சர்க்கார் குடியிருப்பில் குறைந்த வாடகையில் இருந்தனர். அவ்வாறு இருப்பவர் சர்க்கார் வீட்டைக் காலி செய்ய வேண்டும், இன்றேல் சந்தை வாடகை கொடுக்க வேண்டும் என்று நெருக்கடி நிலைக் காலத்தில் அரசாங்கம் உத்தரவிட்டது. அவர்கள் எங்கே போவார்கள்? தங்கள் வீட்டிலேயோ குடித்தனம் இருக்கிறது. வழக்குத் தொடர்ந்தால் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே 1975 டிசம்பர் 1 முதல் அவர்களுக்கென விரைவு நடைமுறை ஒன்று சட்டத்தில் புகுத்தப்பட்டது. குடியிருப்பவர் 15 நாளுக்குள் தக்க காரணம் காட்டி எதிர்வாதம் செய்ய அனுமதி பெற வேண்டும். பெறாவிட்டால் வெளியேற்ற ஆணை பிறந்துவிடும். சொந்தத் தேவைக்காக மனுச் செய்யும் ஏனைய வீட்டுக்காரர்களுக்கும் இந்த வழி திறக்கப்பட்டது. அதுவரை காதில் விழாத வீட்டுக்காரரின் முறையீடு, அரசாங்கமே அவருடைய வீட்டுக்காரராக இருந்த காரணத்தால் காதில் விழுந்தது என்று ஒருவர் சொன்னால் மறுப்பது எனக்கு எளிதாயிராது. ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கும், படைவீரர்களுக்கும், விதவைகளுக்கும் இதே போன்ற வசதி 1988-இல்தான் கிட்டியது.

கடைகளின் நிலை வேறு. சொந்தத் தேவை என்னும் காரணம் குடியிருப்புக் கட்டிடங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. கடையை வாடகைக்கு விட்டவர், தம் மகனுக்குத் தொழில் வைத்துக் கொடுக்க வேண்டுமென்றாலும் அதைத் திரும்பப் பெற வழியில்லை. போதாக்குறைக்கு, வணிகக் குடித்தன உரிமை வாரிசுகளுக்கும் செல்லும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறியது. அதே தீர்ப்பில், உரிமையாளரின் தேவையையும் சட்டம் இயற்றுவோர் கருத வேண்டும் என்ற நம்பிக்கையையும் தெரிவித்தது. சட்டம் இயற்றுவோர் கருதும்வரை காத்திருந்து, 2008-இல் உச்ச நீதிமன்றமே அந்த வேறுபாட்டை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கிற்று. இடையில் 23 ஆண்டுகள் சென்றுவிட்டன.

பார்லிமெண்டு வாளாவிருந்தது என்றும் கூறிவிட முடியாது. 1988-ஆம் ஆண்டுத் திருத்தம், மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகையுள்ள கட்டிடங்களைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. புதிய கட்டிடங்களுக்குப் பத்தாண்டு விலக்களித்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை வாடகையைப் பத்து சதவீதம் உயர்த்த இடமளித்தது. 1995-இல் முற்றிலும் புதியதொரு டில்லி வாடகைச் சட்டமே நிறைவேறியது. குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார். எஞ்சியது, இன்ன நாள் முதல் நடைமுறைக்கு வரும் என்று அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிடுவது மட்டுமே. கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தனர்; அறிவிப்பு வெளிவரவில்லை. வெளியிடுமாறு ஆணையிட வேண்டும் என்று பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. அது நிர்வாகத்தின் விருப்புரிமை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2003-இல் மறுத்துவிட்டது. பிறந்தும் பெயரிடப்படாத குழந்தை உண்டு. பெயரிடப்பட்டும் தொட்டிலை விட்டு இறங்காத குழந்தை இது ஒன்றுதான் என நினைக்கிறேன்.

போர்ச் சுமையையும் பிரிவினைச் சுமையையும் நாடு சுமந்தே ஆகவேண்டியிருந்தது. ஆனால் அகதிக்கு வீடு தருவது சமூகத்தின் கடமையென்றால், அதன் செலவும் சமூகம் முழுவதன் மீதும் விழுந்திருக்க வேண்டும். விழுந்ததோ 1950-க்கு முன்னும் பின்னும் வீடு கட்டியவர் தலையில். அவர்களுள் செல்வந்தரும் இருந்தனர். ஓய்வூதியம் போதாமல் அறை வாடகையில் அடுப்பெரித்த விதவைகளும் இருந்தனர். வாடகை ஏறாத வீட்டில் இருந்தவர்களுள் ஏழையும் இருந்தார், சாந்தினி சௌக்கில் மொத்த வியாபாரம் செய்தவரும் இருந்தார். சட்டம் இவர்களைப் பிரித்தறியவில்லை. மேலும், வீடு தேடிப் புதிதாக ஊருக்கு வருபவரைப் பற்றி அது எண்ணவே இல்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, நாட்டின் நகரங்களில் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாக இருப்பதாகக் காட்டியது. அவை யாவும் வாடகைச் சட்டத்துக்கு அஞ்சிப் பூட்டப்பட்டவை என்று சொல்வது மிகையாகும். அந்த அச்சத்துக்குப் பங்கே இல்லை என்பதும் உண்மையாகாது.

தமிழ்நாடு 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2017-இல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்தியது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஏற்ற மாதிரிக் குடித்தனச் சட்டமும் இவ்வழியிலேயே செல்கிறது. குடியிருப்புக்கு முன்பணம் இரு மாத வாடகைக்கு மேற்படலாகாது. தவணை கடந்தும் காலி செய்யாதவர் முதல் இரு மாதங்களுக்கு இரட்டை வாடகையும் அதன் பின்னர் நான்கு மடங்கும் செலுத்த வேண்டும் என்பன அதன் விதிகள். ஆனால் மாதிரி என்பது மாதிரியே. ஒவ்வொரு மாநிலமும் தானே சட்டம் செய்துகொண்டாலன்றி அதற்கு உயிர் வராது.

டில்லியிலோ 1958-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களுடன் வாழ்ந்து வருகிறது. 1988-இல் வகுத்த எல்லையும் அப்படியே நிற்கிறது. மாதம் 3,500 ரூபாய் வாடகை கொடுப்பவரை வெளியேற்ற வேண்டுமாயின் வாடகைக் கண்ட்ரோலரிடம் 14-ஆம் பிரிவின் காரணங்களுள் ஒன்றைக் காட்டவேண்டும். 3,501 ரூபாய் கொடுப்பவருக்கோ, 1882-ஆம் ஆண்டின் சட்டப்படி 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு உரிமையியல் நீதிமன்றத்தின் படியேறலாம்.